கன்னம் சுடும் கட்டடம்

நூலகரின் இடது கன்னத்தில் முதல் அறை விழுந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி இருபது நிமிடத்துக்கு. அப்போது அவருக்கு எதிரே யாரும் இல்லை. கையில் பாதி கடித்த ரொட்டித் துண்டு இருந்தது, மேசையில் செய்தித்தாள் விரிந்து கிடந்தது, அவருடைய மனைவி சமையலறையில் பால் பொங்கிவிடாமல் காவல் நின்றுகொண்டிருந்தார். பளார் என்று சத்தம் வந்தது. மூக்குக்கண்ணாடி பறந்துபோய் செருப்பு அலமாரிக்குள் விழுந்தது. கன்னத்தில் நான்கு விரல்களும், மோதிரம் இருக்கவேண்டிய இடத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு குழியும் பதிந்தன. எது நடந்தாலும் மனைவியைத் திரும்பிப் பார்ப்பது நூலகரின் முப்பத்துநான்கு வருடப் பழக்கம் என்பதால் திரும்பிப் பார்த்தார். அவர் கரண்டியோடு எட்டிப் பார்த்து, தன்னைத்தானே அடித்துக்கொள்ளும் அளவுக்குச் செய்தித்தாளில் என்ன போட்டிருக்கிறான் என்று கேட்டுவிட்டு, மறுபடி பாலைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தக் கட்டடத்தில் நான்கு மாடி, மாடிக்கு இரண்டு வீடு. நூலகர் இரண்டாம் மாடி. பொது நூலகத்தில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். அதில் பெரும்பகுதி மற்றவர்களை வாயை மூடச் சொல்வதிலேயே கழிந்தது. ஓய்வு பெற்ற மறுவாரமே குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். வேறு யாரும் அந்தப் பதவிக்கு ஆசைப்படவில்லை. நீளமான ஒரு பதிவேட்டை எடுத்து, கட்டடத்தில் எழும் சத்தங்களையெல்லாம் தேதி, நேரம் போட்டு எழுத ஆரம்பித்தார். வகை தெரியாத ஒன்று கண்ணில் பட்டால் நூலகர்களுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. தண்ணீர் மோட்டார், குக்கர் விசில், முதல் மாடி டியூஷன் டீச்சர் வீட்டு வாய்ப்பாடு, எல்லாவற்றுக்கும் வகை கிடைத்தது. தன் தலைக்கு நேர் மேலே மூன்றாம் மாடியிலிருந்து வந்த ஒரு சத்தத்துக்கு மட்டும் கிடைக்கவில்லை. முதலில் ஒரு ஆண் குரல் உயரும், பிறகு எதுவோ சுவரில் தொம்மென்று மோதும், எதுவோ தரையில் விழும், கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது, கடைசியில் குழாய் திறக்கும். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, 'மரச்சாமான் நகர்த்தல்' என்று எழுதினார். அந்தச் சொல் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. அதற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியாமல் திண்டாடிக்கொண்டிருந்த கட்டடம் நிம்மதியாக மூச்சு விட்டது. மூன்றாம் மாடியில் மறுபடி பீரோவை நகர்த்துகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்கள்.

அந்த வீட்டில் இருந்தது கணவன் மனைவி இருவர்தான். அவர் ஒரு மருந்துக் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கோடையிலும் டை கட்டுவார் என்பதால் டைக்காரர் என்றே பெயர். வயதானவர்கள் வந்தால் லிஃப்ட் கதவைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பார், எல்லோருக்கும் வணக்கம் சொல்வார், வைட்டமின் மாத்திரைகளைச் சும்மாவே கொடுப்பார். இப்படிப்பட்ட மனிதர் மேல் யாருக்கு என்ன சந்தேகம் வரும். மனைவி தெருக்கோடி மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் வேலையில் இருந்தாள். தெரு முழுக்க லேப் அக்கா என்றால் தெரியும். அவள் ஊசி போட்டால் வலிக்காது. ரத்தம் எடுத்து முடித்துப் பஞ்சு வைத்த பிறகும், "எப்பக் குத்தப் போறீங்க?" என்று கேட்டுக்கொண்டு கையை நீட்டியபடி உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு. முழுக்கை உடுப்புதான் போடுவாள். வேலைக்கு அது வசதி என்று எல்லோரும் அவளுக்குப் பதிலாகத் தாங்களே காரணம் சொல்லிக்கொண்டார்கள்.

நான்காம் வருடம் சத்தம் அதிகமானபோது சங்கம் சும்மா இருக்கவில்லை. கூட்டம் போட்டது. மரச்சாமான்களின் கால்களுக்கு ரப்பர் மூடி போட்டால் தரை அதிராது என்று நூலகர் தீர்மானம் கொண்டுவந்தார், ஒருமனதாக நிறைவேறியது. பதினாறு மூடிகளை ஒரு உறையில் போட்டு அவரே எடுத்துக்கொண்டு போனார். லேப் அக்கா கதவைத் திறந்தாள். அவளுடைய வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது. உறையைப் பிரித்து மூடிகளை நெடுநேரம் பார்த்தாள்.

"இதைப் போட்டா கீழ சத்தம் கேக்காதா சார்?"

"கேக்காதும்மா."

"சரி சார்" என்று வாங்கிக்கொண்டாள். நூலகர் ஒரு பிரச்சினையைத் தீர்த்துவைத்த திருப்தியோடு கீழே வந்து மதியம் நன்றாகச் சாப்பிட்டார்.

அடி ஏன் ஏழாவது வருடத்தில் அந்தச் செவ்வாய்க்கிழமை இடம் மாற ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. இத்தனை நாள் பொறுத்தது போதும் என்று அடிக்கே தோன்றியிருக்கலாம். வியாழக்கிழமை மூன்றாம் மாடி எதிர்வீட்டுப் பல் டாக்டர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாங்கினார். ஒரு கடைவாய்ப்பல் ஆடிப்போய், இருபது வருடமாக ஏளனம் செய்துவந்த அடுத்த தெரு பல் டாக்டரிடமே போய் வாயைத் திறக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை டியூஷன் டீச்சர் பன்னிரண்டு பிள்ளைகள் பார்க்க வாங்கினார். அந்தப் பிள்ளைகள் அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு அமைதியாக உட்கார்ந்ததே கிடையாது. நரம்புக் கோளாறு என்றார்கள், ஒவ்வாமை என்றார்கள். மின்கசிவாக இருக்கலாம் என்று எலக்ட்ரீஷியனை வரவழைத்தார்கள். அவர் கடமை தவறாமல் எல்லோருடைய கன்னத்திலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

ஒருநாள் லிஃப்டில் நூலகர், பல் டாக்டர், டியூஷன் டீச்சர் மூன்று பேரும் நின்றார்கள். மூன்று கன்னத்திலும் ஒரே மாதிரி நான்கு விரல், ஒரே மாதிரி பட்டாணிக் குழி. வெளியே டைக்காரர் வழக்கம்போல லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டு புன்னகை செய்தார். அந்தக் கையில் பட்டாணி அளவுக் கல் வைத்த மோதிரம் இருந்தது. மூன்று பேரும் மோதிரத்தைப் பார்த்தார்கள். பிறகு மூன்று பேரும் மாடி எண் மாறுவதைப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்த நூலகர் பதிவேட்டைப் புரட்டினார். தனக்கும் மற்றவர்களுக்கும் அறை விழுந்த ஒவ்வொரு நேரத்துக்கும் நேராக, அவருடைய கையெழுத்திலேயே 'மரச்சாமான் நகர்த்தல்' இருந்தது. இதில் ஏதோ தொடர்பு இருப்பதுபோலத் தெரிகிறது என்று மனைவியிடம் இழுத்தார். அவர் காய் நறுக்கிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னார்: "அடி மேல விழுது, வலி கீழ வருது. இதைக் கண்டுபிடிக்க உங்களுக்கு முப்பத்தோரு வருஷ சர்வீஸ் வேணுமா?" சொன்னவர் கன்னத்திலும் அந்த வாரம் இரண்டு முறை விழுந்திருந்தது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஏழு வருடம் காதில் விழுந்தும் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவியவள்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

அவசரக் கூட்டம் கூடியது. வண்டி நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த, டைக்காரர் வீடு தவிர்த்த ஏழு வீட்டாருக்கும் விஷயம் புரிந்திருந்தது. ஆனால் யாரும் விஷயத்தைச் சொல்லவில்லை. 'அது', 'அந்த மாதிரி', 'மேலே உள்ள நிலைமை' என்றே பேசிப் பூசி மெழுகினார்கள். சத்தம் கேட்பவருக்கே விழுகிறது என்பதால் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதென்று முடிவாயிற்று. மறுநாளிலிருந்து கட்டடமே செவிடாகி, பால்காரரிடம் கூடச் சைகையில் பேசியது. அடி என்ன செய்தது என்றால், காது திறந்திருக்கும் அடுத்த ஆளைத் தேடிப் போயிற்று. எதிர்ச்சாரியில் வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அயர்ன்காரர் வாங்கியபோது அவர் கையிலிருந்த இஸ்திரிப் பெட்டி பல் டாக்டரின் வெள்ளைச் சட்டையிலேயே தங்கிவிட்டது. அடுத்து பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேர் வாங்கினார்கள். பல் டாக்டர் பெயர் சொல்லாமல் காவல் நிலையத்துக்குப் போன் செய்தார். எடுத்தவர், இதெல்லாம் குடும்ப விஷயம், அவர்களே சரிசெய்துகொள்வார்கள் என்று சொல்லி வாய் மூடுவதற்குள் போன் கம்பி வழியாகவே ஒன்று போய் விழுந்தது. அந்தச் சத்தத்தைப் பல் டாக்டர் இந்தப் பக்கத்திலிருந்து தெளிவாகக் கேட்டார். அதன் பிறகு அந்த நிலையத்தில் அப்படி யாரும் பதில் சொன்னதாகத் தகவல் இல்லை.

இரண்டாவது கூட்டத்தில் வேறொரு யோசனை வந்தது. அவர்களை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டால் அடியும் அவர்களோடு போய்விடும், போகிற இடத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நூலகர்தான் கடிதம் எழுதினார். 'குடியிருப்பின் பொது அமைதி கருதி' என்று தொடங்கும் நல்ல கடிதம் அது. டைக்காரர் வேலைக்குப் போயிருந்த ஒரு பதினோரு மணிக்கு அதை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார்.

லேப் அக்கா கதவைத் திறந்தாள். நூலகருக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகத்தை மறைக்கும் முடியெல்லாம் பின்னால் வாரிக் கட்டியிருந்தது, அரைக்கை உடுப்பு, கையிலோ முகத்திலோ ஒரு கீறல் இல்லை. அவளோ அவர் கன்னத்தையே பார்த்தாள். அன்று காலை, காது குடையப் பஞ்சை எடுத்த நேரம் பார்த்து விழுந்தது, நன்றாகச் சிவந்திருந்தது.

"உங்க கன்னத்துல இருக்கறது என்னோடது சார். மன்னிச்சிடுங்க" என்றாள்.

நூலகரின் வாழ்க்கையில் எத்தனையோ பேர் அவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்கள், தாமதமாகப் புத்தகம் கொண்டுவந்தவர்கள், பக்கத்தைக் கிழித்தவர்கள். இப்படி ஒரு மன்னிப்பை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலியின் நான்கு கால்களிலும் சங்கத்தின் ரப்பர் மூடிகள் ஒழுங்காகப் போட்டிருந்தன. அதைப் பார்த்த பிறகு அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வெட்கமாக இருந்தது, வேறு எந்த வார்த்தையும் அதற்குப் பொருந்தாது.

அவளே சொன்னாள். பத்து வாரமாக வலிக்கவில்லையாம். முதல் நாள் முகம் மரத்துப்போய்விட்டதோ என்று பயந்து, வேலைக்குப் போய் ஊசியால் தன் கன்னத்திலேயே குத்திப் பார்த்திருக்கிறாள். கணவருக்கும் இது தெரிந்துவிட்டது. அடித்துவிட்டு அவளைப் பார்ப்பாராம், பிறகு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பாராம். கை மேலேயே சந்தேகம் வந்து ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினார். கையில் கோளாறு இல்லை என்று தெரிந்ததும், வீட்டில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்து வேறு வீடு பார்த்துவிட்டார். ஊருக்கு வெளியே, புதிதாகப் பிரித்துப் போட்ட மனைகளுக்கு நடுவில் தன்னந்தனியாக ஒரு வீடு. வரும் ஞாயிற்றுக்கிழமை லாரி வருகிறது.

"அங்க சுத்துவட்டாரத்துல ஒரு வீடும் இல்ல சார். கேக்க ஆள் இல்லைன்னா, அது திரும்ப எங்கிட்டதான வரும்?"

நூலகரின் சட்டைப் பையில் 'பொது அமைதி கருதி' மடங்கிக் கிடந்தது. அதை அவர் வெளியே எடுக்கவில்லை. ஏழு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"நாங்க என்ன பண்ணணும்மா?"

இப்படி யாராவது கேட்பார்கள் என்று ஒரு காலத்தில் எதிர்பார்த்து, பதிலும் தயாராக வைத்திருந்து, பிறகு அதை எங்கேயோ வைத்து மறந்துவிட்டவள்போல யோசித்தாள்.

"சத்தம் கேட்டா மணி அடிங்க சார். சண்டைக்கு வராதீங்க, புத்தி சொல்லாதீங்க. எதையாவது கேளுங்க, சர்க்கரை கேளுங்க. கதவு திறக்கணும்னா கை நின்னுதான ஆகணும். மத்தபடி என்னைக் கேக்காம எதுவும் பண்ணாதீங்க. எப்ப கிளம்பணும்னு நான் சொல்றேன்."

அன்று மதியமே நூலகரின் மனைவி, லேப் அக்காவைக் கேட்டுவிட்டு, மருத்துவமனைச் சுவரில் ஒட்டியிருந்த பெண்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்தார். எதிர்முனையில் பேசிய பெண்ணும் ஏறக்குறைய அதையேதான் சொன்னாள். அந்தப் பெண் சொல்வதை நம்புங்கள், அவளைக் கேட்டுச் செய்யுங்கள், அவளுடைய முக்கியமான காகிதங்கள் பத்திரமாக வேறொரு வீட்டில் இருக்கட்டும், உயிருக்கு ஆபத்து என்று பட்டால் யோசிக்காமல் போலீஸைக் கூப்பிடுங்கள். குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கப் பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார் என்பதும், அவரிடம் மனு கொடுக்கலாம் என்பதும், வீட்டை விட்டுப் போகவேண்டியது அடி வாங்கியவள்தான் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை என்பதும் அன்றைக்குத்தான் கட்டடத்துக்குத் தெரிந்தது. புதன்கிழமை லேப் அக்காவின் சான்றிதழ்கள், பாஸ்போர்ட், மருத்துவச் சீட்டுகள் எல்லாம் ஒரு காய்கறிப் பையில் இறங்கி நூலகரின் வீட்டுக்கு வந்தன. அவர் அவற்றை வகை பிரித்து, அட்டை போட்டு, அகராதிகளுக்கும் பயண நூல்களுக்கும் நடுவில் அடுக்கினார். பழக்கம் யாரை விட்டது. மனுவில் லேப் அக்கா கையெழுத்துப் போட்டாள்.

வியாழக்கிழமை காலை எட்டு இருபதுக்குத் தலைக்கு மேலே குரல் உயர்ந்தது. நூலகர் ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். முழங்கால் வலிக்காரர் என்றாலும் அரக்கப் பரக்க ஏறினார். ஐந்தாவது படியில் கன்னத்தில் விழுந்தது, ஆனால் அது அறையாக இல்லை, யாரோ தட்டிக்கொடுத்ததுபோல இருந்தது. பத்தாவது படியில் ஈ உட்கார்ந்ததுபோல இருந்தது. மணியை அழுத்தியபோது ஒன்றுமே இல்லை. டைக்காரர் பாதி கட்டிய டையோடு கதவைத் திறந்து, புன்னகை செய்து, சர்க்கரை கொடுத்தார். அவர் கதவைச் சாத்தியதும் டியூஷன் டீச்சர் வந்து தெர்மாமீட்டர் கேட்டார். பிறகு அயர்ன்காரர் சாலையைக் கடந்து மூன்று மாடி ஏறி வந்து, துணி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். எதிர்வீட்டுப் பல் டாக்டர் பதற்றத்தில் என்ன கேட்பதென்று தெரியாமல் பிரஷ் கேட்டார். பல் டாக்டருக்கே பிரஷ் கொடுத்த பெருமை டைக்காரருக்குக் கிடைத்தது.

இரண்டு நாளில் மூன்றாம் மாடியில் சர்க்கரை தீர்ந்துபோயிற்று, உப்பு தீர்ந்துபோயிற்று, ஏணியும் குடையும் வெளியே போயிருந்தன. ஆனால் பஞ்சை எடுத்துவிட்ட கட்டடத்தில் யார் கன்னத்திலும் எதுவும் விழவில்லை. கை ஓங்கினால் மணி அடித்தது. இன்னொன்றும் நடந்தது. மணி அடித்து நின்ற கை, நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் தங்கிப்போனது. முதல் நாள் ஒரு நிமிடம், மறுநாள் கால் மணி நேரம். சனிக்கிழமை டைக்காரர் வலது கையைத் தலைக்கு மேலே வைத்தபடியே, இடது கையால் கதவைத் திறந்து, இன்று என்ன கிழமை என்று கேட்ட டியூஷன் டீச்சருக்குச் சனிக்கிழமை என்று பதில் சொன்னார். புன்னகை மட்டும் மாறவில்லை.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு லாரி வந்தது. டைக்காரர் டை கட்டிக்கொண்டு கதவைத் திறந்தபோது மூன்றாம் மாடியிலிருந்து தரை வரைக்கும் படிக்கு ஒருவராக ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு வீட்டில் ஏழு வீடு, அயர்ன்காரர், பேருந்து நிறுத்தத்தில் வாங்கிய இருவர், விடுமுறையில் சாதாரண உடுப்பில் வந்திருந்த அந்தக் காவல் நிலையத்து ஆள், எல்லோரும் இருந்தார்கள். சிலர் கையில் டம்ளர் இருந்தது. கடைசிப் படியில் பாதுகாப்பு அதிகாரியான ஒரு பெண்மணி மடியில் மனுக் கோப்பு ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சாமான் ஏற்ற வந்தவர்கள் இது என்ன வீடு காலி செய்வதா, வேறு ஏதாவதா என்று புரியாமல் தலையைச் சொறிந்தார்கள்.

லேப் அக்கா கதவருகே வந்து நின்றாள். தாழ்ப்பாளைப் பிடித்த கையை அவள் எடுக்கவில்லை. நூலகர் மேல் படியிலேயே உட்கார்ந்திருந்ததால் அதைப் பார்த்தார். இத்தனை பேர் உட்கார்ந்திருந்தும் அவள் போய்விட்டால் என்ன செய்வது என்று அவர் பயந்தார். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். அவளைக் கேட்காமல் எதுவும் செய்யக் கூடாது என்று அவள் சொன்னது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொண்டார். மற்றவர்களின் வாயை மூடவைத்த அந்த முப்பத்தோரு வருடத்தைவிட அந்த அரை நிமிடம் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"நான் வரல" என்றாள் லேப் அக்கா. மெதுவாகத்தான் சொன்னாள், தரைத்தளம் வரைக்கும் கேட்டது.

டைக்காரரின் கை ஓங்கியது. அத்தனை பேர் பார்க்க அது ஓங்கியது அதுதான் முதல் தடவை. படியில் இருந்த எல்லோரும் எழுந்து நின்றார்கள். அவ்வளவுதான் செய்தார்கள். கை அப்படியே நின்றது. அவர் அதை இறக்கப் பார்த்தார், இடது கையால் பிடித்து இழுத்தார், சாமான் ஏற்ற வந்தவர்களில் வாட்டசாட்டமான ஒருவர் இரக்கப்பட்டுத் தொங்கியும் பார்த்தார். கை இறங்கவில்லை. லாரியில் அவருடைய துணிமணியும் ஒரு மேசையும் மட்டும் ஏறின. முன் இருக்கையில் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார முடியாததால், அவர் பின்னால் சாமானோடு சாமானாக நின்றுகொண்டு போனார். தெருமுனையில் எதிரே வந்த கார்க்காரர், தனக்குத்தான் கை காட்டுகிறார் என்று நினைத்துப் பதிலுக்குக் கை காட்டினார்.

வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தபோது நூலகரின் பதிவேட்டைக் கேட்டார்கள். ஏழு வருடத்தில் இருநூற்றுப் பதினோரு இடத்தில் தேதியும் நேரமும் இருந்தன. மருத்துவச் சீட்டுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது ஒரு நாள்கூடத் தவறவில்லை. இவ்வளவு ஒழுங்கான சாட்சியத்தை இதுவரை பார்த்ததில்லை என்ற நீதிபதி, மரச்சாமான் என்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்டார். நூலகர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏழு வருஷமும் கேட்டேன் ஐயா. கேட்டதை எழுதினேன். மேல ஏறிப் போகல" என்றார்.

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். தீர்ப்பில் வீடு லேப் அக்காவுக்கு என்றும், டைக்காரர் அந்தத் தெருவுக்குள் வரக் கூடாது என்றும் இருந்தது. எதிர்த்தரப்பு மேசையில் டைக்காரர் ஓங்கிய கையோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஏதோ சொல்ல விரும்புகிறார் என்று நினைத்து நீதிபதி இரண்டு முறை அவருக்குப் பேச அனுமதி கொடுத்தார். சொல்ல ஒன்றும் இல்லை என்றார் அவர்.

அந்தக் கை பிறகு இறங்கவே இல்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்திருக்கிறார் என்றும், கூட்டங்களில் சந்தேகம் கேட்கிறார் என்றும் புதியவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவர் சட்டைகளுக்கு ஒரு கை தனி அளவில் தைக்க வேண்டும். எந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனாலும் கையைப் பார்த்ததுமே வீட்டுக்காரர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். சில வருடங்களில் அந்த ஊரில் அப்படி ஓங்கிய கையோடு நடமாடியவர்கள் மொத்தம் ஒன்பது பேர் ஆனார்கள். அவர்களுக்கென்று வாரம் ஒரு நாள் ஒரு ஆலோசகர் வகுப்பு நடத்தினார். ஒழுங்காக வந்து, செய்ததைச் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்ன இரண்டு பேருக்கு முழங்கை வரைக்கும் இறங்கியது. டைக்காரர் முதல் வகுப்போடு நின்றுவிட்டார். லேப் அக்கா மருத்துவமனையில் ரத்தப் பிரிவுக்குத் தலைமையாளர் ஆகி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வலிக்காமல் ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். வீட்டில் நடந்துகொண்டே சத்தமாகப் பாடுவாள். குரல் சுமார்தான். நூலகர் அதைப் பதிவேட்டில் எழுதவில்லை.

கட்டடத்தில் அறை விழுவது நின்றது. ஆனால் கன்னம் சுடுவது மட்டும் நிலைத்துவிட்டது. தெருவில் எந்த வீட்டிலாவது ஒரு கை உயரப்போகிறது என்றால் இரண்டு நிமிடம் முன்பாகவே சுற்றியிருப்பவர்களின் கன்னம் சுட ஆரம்பிக்கும். வீட்டுத் தரகர்கள் புதுக் குடித்தனக்காரர்களிடம் தண்ணீர் வரும் நேரம், வண்டி நிறுத்தும் இடம், கன்னம் சுடும் விவரம் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். சுட்டால் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், எழுந்து போக வேண்டும் என்பார்கள். அதைக் கேட்டு வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. அதைக் கேட்டே தேடி வந்தவர்கள் அவர்களைவிட அதிகம்.

போன மாதம் ஒரு சாயங்காலம், நூலகர் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் வலது கன்னம் சுட்டது. எழுபத்துநான்கு வயதில் முழங்கால் அவர் பேச்சைக் கேட்பதில்லை. தட்டை மூடிவைக்கச் சொல்லிவிட்டு எழுந்தார். மனைவி கையில் கிடைத்த காலி மிளகாய்த்தூள் டப்பாவை நீட்டினார். எதிர்ச்சாரியில் புதிதாகக் கட்டிய வீடு, இரண்டாம் மாடி, கல்யாணமாகி மூன்றே மாதம் ஆன ஜோடி. சாலையைக் கடந்து, ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கி, தாமதமாகிவிடுமோ என்ற பயத்தோடு ஏறினார். கடைசித் திருப்பத்தில் நிமிர்ந்து பார்த்தார். கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் அயர்ன்காரர் நின்றார், அவருக்குப் பின்னால் ஊசி நூல் கேட்க வந்த ஒரு பெண், அவளுக்குப் பின்னால் யாரென்றே நூலகருக்குத் தெரியாத ஒரு இளைஞன் கையில் காலிக் கிண்ணத்தோடு நின்றான். நூலகர் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நான்காவது ஆளாக வரிசையில் நின்றார்.